கெட்டிஸ்பர்க் உரையில் அணியும் வாதமும்

அணியிலக்கணம் செய்யுளுக்கே உரியது என்று கருதும் வழக்கம் நம் வகுப்பறைகளில் இன்றும் உண்டு. தண்டியலங்காரம் கற்கும் மாணவர் அணியின் பெயரையும் இலக்கணத்தையும் மனனம் செய்கின்றனர். தேர்வு முடிந்ததும் அவற்றை மறந்துவிடுகின்றனர். ஆயின், ஓர் அவையை நோக்கிப் பேசி அதன் உள்ளத்தை மாற்ற முயலும் உரையிலும் அணி தொழிற்படுகின்றது. அங்கு அஃது அழகுக்காக மட்டும் நிற்பதில்லை. வாதத்தின் ஒரு பகுதியாகவே நிற்கின்றது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் 1863 நவம்பர் 19ஆம் நாள் ஆற்றிய சிற்றுரை ஒன்றைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

பென்சில்வேனியா மாநிலத்துச் சிற்றூராகிய கெட்டிஸ்பர்க்கில் அவ்வாண்டு ஜூலை 1 முதல் 3 வரை பெரும்போர் நிகழ்ந்தது. இரு தரப்பிலும் இறந்தோரும் புண்பட்டோரும் காணாமற்போனோருமாக ஏறத்தாழ 51,000 பேர். அப்போரில் வீழ்ந்த வடதரப்பு வீரர்களுக்கென அமைந்த கல்லறைத் தோட்டத்தை அர்ப்பணிக்கும் விழாவிலேயே லிங்கன் பேசினார். விழாவின் தலைமைச் சொற்பொழிவாளர் அவரல்லர். ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவராகவும் அயலுறவு அமைச்சராகவும் விளங்கிய எட்வர்டு எவரெட் என்பார். எவரெட் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பேசினார். லிங்கனைச் சில சொற்கள் கூறுமாறு மட்டுமே கேட்டிருந்தனர். அவர் கூறியவை ஏறத்தாழ 270 சொற்கள், பத்து வாக்கியங்கள். தாம் இரண்டு மணி நேரத்தில் அணுகியதைக் காட்டிலும் இரண்டு நிமிடங்களில் லிங்கன் விழாவின் மையக் கருத்தை நெருங்கிவிட்டார் என்னும் பொருள்பட எவரெட்டே மறுநாள் அவருக்கு மடல் எழுதினார். வரவேற்புரைக்கே அரை மணி நேரம் கொள்ளும் நம் விழாக்களை எண்ணி வாசகர் முறுவலிக்கக்கூடும். எனினும், சுருக்கம் ஒன்றே அவ்வுரைக்கு வலிமை தந்ததென்று கொள்வதற்கில்லை.

ஆண்டைக் கூறிய முறை

லிங்கன் தம் உரையை ஒரு கால அளவையோடு தொடங்குகின்றார். எண்பத்தேழு ஆண்டுகள் என்று நேரே கூறாமல், நான்கு இருபதும் ஏழும் என்று பகுத்துக் கூறுகின்றார். மனித வாழ்நாளை இருபது இருபதாக எண்ணிக் கூறும் முறை ஆங்கில விவிலியத்தில் உண்டு. அதனைக் கேட்டுப் பழகிய செவிகளுக்கு இத்தொடக்கம் வழிபாட்டு ஒலியைத் தந்திருக்கும். ஆனால் ஒலியினும் கணக்கே பெரிது. 1863இலிருந்து 87ஐக் கழித்தால் 1776 வருகின்றது. அது மாந்தர் அனைவரும் சமமாகவே படைக்கப்பட்டனர் என்று அறிவித்த விடுதலைச் சாற்றுரையின் ஆண்டு. அரசியலமைப்புச் சட்டம் வரையப்பட்டதோ 1787இல். அச்சட்டம் அடிமை முறைக்கு இடம் தந்தது. பிரதிநிதிகளின் எண்ணிக்கையை வகுக்கும்போது அடிமைகளின் தொகையில் ஐந்தில் மூன்று பங்கையே கணக்கிற்கொண்டது.

நாடு எந்த ஆண்டில் பிறந்தது என்பது அன்று தீராத வழக்கு. 'சமத்துவக் கொள்கையில் பிறந்ததே இந்நாடு' என்று லிங்கன் தம் கருத்தாக முன்வைத்திருப்பாராயின், மறுப்போர் உடனே எழுந்திருப்பர். அவரோ அதனை வாதமாகக் கூறாமல், தொடக்கத்திலேயே ஒரு கணக்காக வைத்துவிட்டார். கேட்போர் ஆண்டை எண்ணும்போதே கொள்கையையும் ஏற்றுக்கொள்கின்றனர். எல்லாரும் ஏற்றனர் என்று சொல்ல இயலாது. 'சிகாகோ டைம்ஸ்' நாளிதழ், அரசியலமைப்புக்கு மாறாகப் பேசினார் என்று அவரைக் கடுமையாகச் சாடியது. மறைந்து நின்ற வாதத்தை அவ்விதழ் கண்டுகொண்டது எனலாம். அவ்வகையில் பாராட்டிய பலரினும் பகைத்த அவ்விதழே உரையைக் கூர்ந்து படித்திருக்கின்றது.

ஒரு சொல், ஆறு இடங்கள்

முன்னர் வந்த சொல்லே பின்னரும் வந்து வேறு பொருள் தருவதைச் சொற்பின்வருநிலையணி என்பர். லிங்கன் உரையில் 'அர்ப்பணித்தல்' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல் ஆறு முறை வருகின்றது. முதல் இரண்டு இடங்களில் நாடு ஒரு கொள்கைக்கு அர்ப்பணிக்கப்பட்டதைக் குறிக்கின்றது. அடுத்த இரண்டு இடங்களில் நிலத்தைக் கல்லறையாக அர்ப்பணிக்கும் சடங்கைக் குறிக்கின்றது. இறுதி இரண்டில் உயிரோடிருப்போர் தம்மையே முற்றுப்பெறாப் பணிக்கு அர்ப்பணிப்பதைக் குறிக்கின்றது.

இம்மாற்றம் நிகழும் இடம் உரையின் நடுப்பகுதி. அங்கு மூன்று எதிர்மறை வினைகள் ஒரே அமைப்பில் அடுத்தடுத்து வருகின்றன. இந்நிலத்தை அர்ப்பணிக்கவோ புனிதமாக்கவோ நம்மால் இயலாது என்கின்றார்; போரிட்டோர் அதனை முன்னரே செய்துவிட்டனர் என்கின்றார். விழாவிற்கு வந்தோர் எதைச் செய்ய வந்தனரோ அதனையே அவர்களால் செய்ய இயலாது என்று கூறும் துணிவு எண்ணிப் பார்க்கத்தக்கது. அவர்கள் கையிலிருந்த சடங்கைப் பறித்துக்கொண்டு, அதே சொல்லால் ஒரு கடமையைத் தருகின்றார். அர்ப்பணிக்க வந்தோர் அர்ப்பணிக்கப்படுவோர் ஆகின்றனர். சொல் மாறாமல் பொருள் மட்டும் மாறுவதால், கேட்போர் தாம் இடம் பெயர்ந்ததை உணரார். மொழிபெயர்ப்பில் ஈடுபடும் மாணவர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். கூறியது கூறல் குற்றமென்று அஞ்சி, ஓரிடத்தில் 'காணிக்கையாக்குதல்' என்றும் பிறிதோரிடத்தில் 'உரித்தாக்குதல்' என்றும் மாற்றி எழுதினால் நடை இனிதாகலாம், வாதம் அழிந்துவிடும்.

'இங்கு' என்னும் சொல் எட்டு முறை வருவதும் இவ்வாறே. கேட்போரின் கால்கள் அம்மண்ணை விட்டு அகலாதவாறு அது பிடித்து நிறுத்துகின்றது.

உருவகத்திலும் ஒரு நுட்பம் உண்டு. தொடர்புடைய பொருள்களுள் ஒன்றை உருவகித்து, மற்றதை உருவகிக்காது விடுவது ஏகதேச உருவகம். இவ்வுரையில் தந்தையர் உளர், கருவுறுதல் உண்டு, முடிவில் புதுப்பிறப்பும் உண்டு. ஆனால் நாட்டைக் குழந்தை என்று லிங்கன் ஓரிடத்தும் கூறவில்லை. முதற்பிறப்புக்கும் மறுபிறப்புக்கும் இடையே வீரர்களின் இறப்பு நிற்கின்றது. அவ்விறப்பைப் புதுப்பிறப்பிற்கு முந்திய நோவாகக் கேட்போரே உணர்ந்துகொள்ள இடம் விடுகின்றார். மகனைப் புதைத்த தாய்க்கு அன்று வேறு எவ்வாறு ஆறுதல் கூறியிருக்க இயலும்?

மக்கள் என்னும் சொல்லை மும்முறை அடுக்கும் புகழ்பெற்ற முடிவைப் பற்றி மிகுதியாகக் கூற வேண்டுவதில்லை. அக்கருத்தை அதனை ஒத்த அடுக்கில் டேனியல் வெப்ஸ்டரும் தியோடர் பார்க்கரும் முன்னரே ஆண்டுள்ளனர்.

'நாம்' என்பார் யாவர்?

அடிமை என்னும் சொல் இவ்வுரையில் இல்லை. ஆனால் 'நம் தந்தையர்' என்னும் தொடர் உண்டு. இங்கே தமிழர்க்கு ஒரு சிக்கல் எழுகின்றது. முன்னிலையாரை உளப்படுத்தும் 'நாம்' என்பதும், அவரை விலக்கும் 'யாம்', 'நாங்கள்' என்பனவும் நம் மொழியில் வேறு வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். எனவே லிங்கன் முடிவு செய்யாமல் விட்டதைத் தமிழில் மொழிபெயர்ப்பவர் முடிவு செய்தாக வேண்டும்.

அடிமையாகப் பிறந்து தப்பி விடுதலை பெற்ற பிரெடரிக் டக்ளஸ், 1852 ஜூலை 5ஆம் நாள் ராச்செஸ்டர் நகரில் வெள்ளையர் நிறைந்த அவையில் பேசினார். அவர் 'உங்கள் தந்தையர்', 'உங்கள் விடுதலை' என்றே விடாது கூறினார். அம்முன்னிலைப் பெயரே அவர்தம் குற்றச்சாட்டு. லிங்கனின் 'நம்' என்னும் சொல் கறுப்பின மக்களை உட்கொண்டதா? 1863 சனவரி முதல் நாள் அவர் வெளியிட்ட விடுதலை அறிக்கை, கிளர்ச்சி நடந்த பகுதிகளின் அடிமைகளை மட்டுமே விடுவித்தது. உரையின் மெலிந்த இடம் இதுவே என்பது எம் கருத்து. ஆயினும், கதவு திறந்தே இருந்தமையால் பின்வந்தோர் உள்ளே நுழைய முடிந்தது என்பதையும் மறுத்தல் இயலாது.

அவ்வாறு நுழைந்தவருள் ஒருவர் மார்ட்டின் லூதர் கிங். 1963 ஆகஸ்டு 28ஆம் நாள் வாஷிங்டனில், லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று, இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் முன் அவர் பேசினார். லிங்கனைப் போலவே ஆண்டை இருபதுகளாக எண்ணித் தொடங்கினார். பின்னர், 1776இன் வாக்குறுதியைக் கடன் பத்திரமாகவும், கறுப்பின மக்களுக்கு அது பணமின்றித் திரும்பிய காசோலையாகவும் உருவகித்தார். நாட்டின் பிறப்பை லிங்கன் 1776இல் நிலைநாட்டியமையாலேயே அக்கடனை இவரால் வன்மையாகக் கேட்க முடிந்தது எனலாம். பெரிதும் போற்றப்படும் 'கனவு' பகுதி, கிங் எழுதிக்கொண்டு வந்த உரையில் இல்லை. அவ்வாண்டு ஜூன் மாதம் டெட்ராய்ட் நகரில் அதனை முன்னரே ஆண்டிருந்தார். ஒரே தொடரைத் திரும்பத் திரும்ப முதலில் வைக்கும் அமைப்பு, கேட்போரை ஈர்ப்பதோடு, ஏடின்றிப் பேசுவோர்க்கு அடுத்த கருத்தை எண்ண இடைவெளியும் தருகின்றது.

காசோலையை மாற்ற வந்தோம் என்று கிங் கூறுமிடத்தில் அஃது 'நாங்கள்'. கறுப்பரும் வெள்ளையரும் கைகோத்துப் பாடும் நாளை விரைவுபடுத்துவோம் என்று முடிக்குமிடத்தில் அதே ஆங்கிலச் சொல் 'நாம்' ஆகின்றது.