புதுக்குப்புறமும் புதுக்குநல்கையும்: மரபுக் கட்டடச் செப்பனீட்டுக் கொடைகள் – ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கல்வெட்டுகளில் பயிலும் ‘புதுக்குப்புறம்’ என்னும் சொல், கோயிலைச் செப்பனிடுவதற்கென விடப்பட்ட நிலக்கொடையைக் குறிக்கும். மரபுக் காப்புப் பகுதிகளில் இன்று வழங்கப்படும் செப்பனீட்டு நல்கையை அக்கொடையோடு ஒப்பிட்டு, இரண்டிற்கும் இடையிலான அடிப்படை வேறுபாட்டை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: புதுக்குப்புறம், செப்பனீடு, நல்கை, கூரம் செப்பேடு, திண்ணை, தாழ்வாரம்.

முன்னுரை

பழைய தெருக்களும் வீடுகளும் செறிந்த நகர்ப்பகுதியைக் காப்புப் பகுதியாக வரையறுத்து, அங்குள்ள கட்டடங்களைச் செப்பனிட உரிமையாளருக்குப் பொதுநிதியிலிருந்து உதவுவது இன்று பல நாடுகளில் காணப்படும் நடைமுறையாகும். இங்கிலாந்தில் 1967ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய பகுதிகளை வரையறுக்க வழிசெய்தது. இதனால் செப்பனீட்டுக்கெனத் தனியே பொருள் ஒதுக்கும் சிந்தனையே மேலைநாட்டிலிருந்து வந்தது என்று கருத இடமுண்டு. தமிழ்க் கல்வெட்டுச் சொல்வழக்கு அக்கருத்தை மறுக்கிறது.

சொல்லும் பொருளும்

கல்வெட்டுகளில் ‘புறம்’ என்னும் பின்னொட்டு, குறிப்பிட்டதொரு செயலுக்கென ஒதுக்கிய நிலத்தைச் சுட்டும். திருவிளக்குப்புறம், மடப்புறம் என்பன இவ்வகையின. ஏரியைப் பேணுவதற்கு விடப்பட்ட நிலம் ‘ஏரிப்பட்டி’ எனப்பட்டது. கட்டடம் எழுப்புவதை ‘எடுப்பித்தல்’ என்னும் சொல் உணர்த்த, பழுதுற்றதைச் சீராக்குவதைப் ‘புதுக்குதல்’ என்னும் சொல் உணர்த்துகிறது. எடுப்பித்தலுக்கு வேறாகப் புதுக்குதலுக்கெனத் தனிக்கொடையும் தனிப்பெயரும் இருந்தன என்பதே இங்கு நோக்கத்தக்கது.

கூரம் செப்பேடு தரும் சான்று

முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு பரமேசுவரமங்கலம் என்னும் ஊரை 25 பங்குகளாக்குகிறது. அவற்றுள் 20 பங்குகள் நான்மறை வல்லோர்க்கு உரியன. மூன்று பங்குகள் கோயிலின் வழிபாட்டிற்கும் புதுக்குப்பணிக்கும், ஒரு பங்கு மண்டபத்தில் நீரும் தீயும் அளிப்பதற்கும், ஒரு பங்கு அங்குப் பாரதம் வாசிப்பதற்கும் விடப்பட்டன. வழிபாடும் செப்பனீடும் ஒரே பங்கில் இணைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. நாள்தோறும் நிகழும் வழிபாட்டைப் போலவே செப்பனீடும் இடையறாது நிகழவேண்டிய பணியாக எண்ணப்பட்டது என்று இதனைக் கொண்டு கருதலாம். கொடைப்பொருள் நிலமாதலால் அதன் விளைவு ஆண்டுதோறும் பணிக்கு வந்து சேர்ந்தது.

திருமழபாடியில் முதலாம் இராசராசன் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்ட ஆணையிட்டபோது, அதிலிருந்த கல்வெட்டுகள் முன்னரே படியெடுக்கப்பட்டன. முதலாம் இராசேந்திரன் காலத்தில் மீண்டும் பொறிக்கப்பட்டன. பணிக்கு முன் பழையதைப் பதிவு செய்தல் என இன்றைய காப்பியல் வலியுறுத்தும் நெறியோடு இது ஒத்துள்ளது.

புதுச்சேரித் தமிழர் பகுதி

புதுச்சேரியின் தமிழர் பகுதியிலுள்ள வைசியாள் வீதியில், இன்டாக் அமைப்பின் முயற்சியாலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘ஆசியா அர்ப்ஸ்’ திட்ட உதவியாலும் வீட்டு முகப்புகள் செப்பனிடப்பட்டன. 2008ஆம் ஆண்டு இப்பணி யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுக் காப்பு விருதுகளுள் ஒன்றைப் பெற்றது. தெருவை ஒட்டி மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரமும், வழிப்போக்கர் அமரும் திண்ணையும் இவ்வீடுகளின் அடையாளங்கள்.

தனியார் வீட்டிற்குப் பொதுப்பணம் செலவிடலாமா என்னும் வினா இங்கு எழுவது இயல்பு. மேற்காட்டிய பழங்கொடைகள் கோயிலுக்கும் ஏரிக்கும் உரியன. குடியிருப்புகளுக்கு உரியன அல்ல. ஆயின் திண்ணையும் தாழ்வாரமும் உரிமையால் தனியாருடையன, பயனால் தெருவினுடையன. நிழலையும் இருக்கையையும் பிறர்க்கு அளிக்கும் பகுதிக்குப் பொதுக்கொடை சேர்வது பழைய கொடைமரபுக்கு முரணாகாது.

வேறுபாடு

இன்றைய நல்கை பெரும்பாலும் ஒருமுறை வழங்கப்படுவது, முகப்பைச் சார்ந்தது, செலவில் ஒரு பங்கை உரிமையாளரே ஏற்க வேண்டுவது. சுண்ணாம்புச் சாந்தால் எழுந்த சுவரோ அடிக்கடி பார்வையிடப்பட வேண்டியது. அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கிச் செங்கல்லை அரிக்கும். மரவிட்டங்களின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு அமைத்த மச்சில் சிறு விரிசலைக் கவனியாது விட்டால், மழைநீர் விட்டத்தை உளுக்கச் செய்யும். பங்காளிகள் பலர்க்கு உரிய வீட்டில் இச்சிறு செலவை ஏற்பார் இல்லாமற் போவதும் உண்டு. அந்நிலையில் முகப்பு புதுக்கப்பட்டும் அதன்பின் வீடு நலிவது தவிர்க்க இயலாததாகிறது. கடுக்காயும் பனைவெல்லமும் சேர்த்துச் சாந்து குழைக்கும் கொத்தர்க்கும் ஒருமுறைப் பணி நிலையான பிழைப்பைத் தருவதில்லை. தொடர்ந்து பணி கிடைத்தால்தான் அத்தொழிலறிவு அடுத்த தலைமுறைக்குச் செல்லும்.

முடிவுரை

பழங்கொடை தொடர்வருவாயை அளித்தது. இன்றைய நல்கை தொகையை அளிக்கிறது. கட்டடம் வேண்டுவது முன்னதையே. ஆதலின் நல்கையின் ஒரு பகுதியை வைப்புநிதியாக்கி, அதன் வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் கூரையையும் வடிகாலையும் பேணச் செய்வது புதுக்குப்புறத்தின் நெறியை இக்காலத்திற்கு ஏற்ப மீட்பதாகும். இவ்வுதவியைப் ‘புதுக்குநல்கை’ எனப் பெயரிட்டு வழங்கலாம் என்பதும் இவ்வாய்வின் பரிந்துரையாகும்.