கோடு நகர்ந்தது, மனிதர் நகரவில்லை

கேள்வி: எங்கள் தெருவில் வெளிநாட்டவர் குடிவந்தால் வரவேற்பது நாட்டுப்பற்றுக்கு முரணாகாதா? (வாசகர், கார்வேட்டிநகரம்)

பதில்: ஆகாது. உங்கள் ஊரின் வரலாறே அதற்குச் சாட்சி. ஒருகாலத்தில் கார்வேட்டிநகரம் ஜமீனில் அடங்கியிருந்த திருத்தணி, எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தில் சேர்ந்தது; உங்கள் ஊர் ஆந்திரத்திலேயே இருந்தது. யாரும் வீடு மாறவில்லை. ஆனாலும் சம்பந்தி வீடு அடுத்த மாநிலமாகிவிட்டது. அதனால் உறவு அறுந்ததா? உங்கள் சமஸ்தானத்துக் கவிஞர் சாரங்கபாணி வேணுகோபாலன்மீது பாடிய தெலுங்குப் பதங்களுக்கு இன்றும் சென்னை மேடைகளில் தமிழ்ப் பெண்கள் அபிநயம் பிடிக்கிறார்கள். ஒரு கண்ணசைவில் ஊடலைக் காட்டும்போது, அது எந்த மாநிலத்துப் பாட்டு என்று யார் கேட்கிறார்கள்?

மாநில எல்லை வேறு, நாட்டின் எல்லை வேறு என்பீர்கள். உண்மைதான். விசா, பதிவு, காவல்துறை விசாரணை எல்லாம் அதற்காகத்தான் இருக்கின்றன; அவற்றைச் செய்ய வேண்டியது அரசு, தெரு அல்ல. நம் அரசியலமைப்பு பேச்சுரிமை போன்றவற்றைத் தரும் 19ஆம் பிரிவைக் குடிமக்களுக்கு மட்டும் வைத்தது. உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் 21ஆம் பிரிவை எல்லா மனிதருக்கும் வைத்தது. அருணாசலப் பிரதேசத்தில் சக்மா அகதிகளைச் சிலர் விரட்ட முயன்றபோது, 1996இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் காட்டித்தான் அவர்களைக் காக்கும்படி மாநில அரசுக்கு உத்தரவிட்டது. நாட்டை நேசிப்பவர் அதன் சட்டத்தையும் நேசிக்கத்தானே வேண்டும்? புதிதாக வந்தவருக்குத் தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்லிக்கொடுங்கள். மற்றதை அவர்களே பழகிக்கொள்வார்கள்.