ராம் வாங்கப் போகிறீர்களா? பழையதைக் கழற்றிப் பாருங்கள்!

கம்ப்யூட்டரை ஆன் செய்தால் மானிட்டரில் எதுவும் வரவில்லை. உள்ளிருந்து பீப், பீப் என்று சத்தம் மட்டும் வருகிறது. அல்லது வேலையின் நடுவே நீலத் திரை வந்து நின்று விடுகிறது. கடைக்குக் கொண்டு சென்றால், "ராம் போயிடுச்சு சார், மாத்தணும்" என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் 2025 கடைசியில் ராம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தவர்கள், பணம் கொடுக்கும் முன் சிறு சோதனை ஒன்றைச் செய்து பார்ப்பது நல்லது.

மின் இணைப்பை முழுவதும் துண்டியுங்கள். கேபினெட்டின் உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு (உடலில் சேர்ந்துள்ள ஸ்டேட்டிக் மின்சாரம் ராமைக் கெடுத்து விடலாம்), ஸ்லாட்டின் ஓரத்தில் உள்ள கிளிப்பை அழுத்தி ராமை எடுங்கள். தங்க நிறப் பின்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்து மீண்டும் பொருத்துங்கள். சிரிக்காதீர்கள், அனுபவமுள்ள சர்வீஸ் இன்ஜினியர்கள் பலர் முதலில் செய்வது இதைத்தான்! இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு ஆன் செய்யுங்கள். எது கெட்டது என்று தெரிந்து விடும். விண்டோஸ் வரை செல்கிறது என்றால், ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என டைப் செய்து என்டர் தட்டுங்கள். ரீஸ்டார்ட் ஆகித் தானே சோதிக்கும். கெட்ட ராமுடன் சமாளித்துக் கொண்டு வேலை செய்ய வேண்டாம். சேவ் செய்யும்போது தவறான தகவல் ஹார்ட் டிஸ்க்கில் பதிவாகி, பைலே திறக்காமல் போகலாம்.

மாற்றத்தான் வேண்டும் என்றால், ராம் எந்தத் தலைமுறை என்பதுதான் முதல் கேள்வி. டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 பின்கள். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288. எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் பொருந்தும் என நினைத்து விடாதீர்கள். பின்களுக்கு நடுவே உள்ள சிறு வெட்டு ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருக்கும். வோல்டேஜும் வேறு: டிடிஆர்3க்கு 1.5, டிடிஆர்4க்கு 1.2, டிடிஆர்5க்கு 1.1. நுழையவில்லை என்றால் பலம் கொண்டு அழுத்தாதீர்கள். மதர்போர்டும் சேர்ந்து போய்விடும்.

ஸ்டிக்கரில் பிசி3-12800 என்று இருக்கிறதா? 3 என்பது டிடிஆர்3. 12800ஐ 8ஆல் வகுத்தால் 1600, அதுதான் வேகம். 1333 வேக ராமுடன் 1600 போட்டால் இரண்டும் 1333இல் ஓடும். எனவே பழைய போர்டுக்கு வேகத்திற்காகக் கூடுதல் பணம் தருவது வீண்.

செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இன்டெல் ஜி41 சிப்செட் போர்டில் 4 ஜிபி டிடிஆர்3 போடும்போது, இரு பக்கமும் சேர்த்து 16 சிப் உள்ள ராமாகக் கேளுங்கள். 8 சிப் மட்டும் உள்ள 4 ஜிபி ராம் அதில் சரியாக வேலை செய்யாது. விலை மலிவாக "ஏஎம்டிக்கு மட்டும்" என்று விற்கும் ராமை இன்டெல் போர்டுக்கு வாங்கவே வாங்காதீர்கள். இந்த வகையில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள்.

உங்கள் விண்டோஸ் 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் பயனில்லை. கடைக்குப் போகும்போது பழைய ராமையும் மதர்போர்டின் மாடல் எண்ணையும் கொண்டு செல்லுங்கள். "டெஸ்க்டாப் ராம்" என்று சொல்லியே கேளுங்கள். லேப்டாப் ராம் நீளம் குறைந்தது. புதிய ராமின் சீரியல் எண்ணைப் பில்லில் எழுதி வாங்க மறக்காதீர்கள். வாரண்டிக்கு அது தேவைப்படும்.