காருக்குள் வயர் வேண்டுமா, வேண்டாமா?

கார் ஷோரூமில் மைலேஜுக்கு அடுத்தபடியாக இன்று காதில் விழும் கேள்வி, "வயர்லெஸ் ஆண்ட்ராய்டு ஆட்டோ இருக்கா சார்?" என்பதுதான். அது இருந்தால் உசத்தியான வேரியன்ட், இல்லாவிட்டால் மட்டம் என்று ஒரு நினைப்பு. ஹூண்டாய் கார்களில் பல ஆண்டுகள் நிலைமை நேர்மாறாக இருந்தது. 8 அங்குலத் திரை கொண்ட நடுத்தர வேரியன்ட்டுகளுக்கு வயர்லெஸ் வந்துவிட்டது. சொந்த மேப்போடு 10.25 அங்குலத் திரை வைத்த விலை கூடிய வேரியன்ட்டுகளில் கேபிளைச் செருக வேண்டியிருந்தது. எனவே மாடல் பெயரை நம்பாமல், பிரோஷரில் உங்கள் வேரியன்ட்டுக்கு நேரே என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். டெஸ்ட் டிரைவின்போது உங்கள் போனையே இணைத்துப் பார்த்துவிடுவது இன்னும் நல்லது.

வெறும் புளூடூத்தே நிறையப் பேருக்குப் போதும். விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. போன் பேசலாம், பாட்டுக் கேட்கலாம், மேப் வழி சொல்லும் குரலும் ஸ்பீக்கரில் வரும். திரையில் மேப் தெரியாது, அவ்வளவுதான். தினமும் அதே வழியில் ஆபீஸ் போய் வருகிறவருக்கு அது பெரிய குறையில்லை. பழைய காரில் புளூடூத் இல்லாமல் ஆக்ஸ் துளை மட்டும் இருந்தால், அதில் செருகும் சின்ன ரிசீவர் போதும். எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் கடைசி வழி. பெரிய நகரங்களில் காலியான அலைவரிசையைத் தேடிப் பிடிப்பதற்குள் போக வேண்டிய இடமே வந்துவிடும்.

திரையில் மேப் வேண்டும் என்பவர்களுக்குத்தான் ஆண்ட்ராய்டு போனுக்கான ஆண்ட்ராய்டு ஆட்டோவும் ஐபோனுக்கான கார்பிளேயும். வயர்லெஸ்ஸில் புளூடூத்தின் முக்கிய வேலை, போனையும் காரையும் அறிமுகம் செய்துவைப்பது. அதன்பின் திரைக் காட்சியும் பாட்டும் கார் உண்டாக்கும் வைஃபை வழியாகப் போகின்றன, பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸில். அதனால்தான் ஆண்ட்ராய்டு 11-க்குக் குறையாத, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை உள்ள போன் கேட்கிறார்கள். பாட்டும் புளூடூத்தைவிடத் தெளிவாகக் கேட்கும். இன்டர்நெட் மட்டும் உங்கள் சிம்மிலிருந்துதான் போகிறது. போனில் வைஃபை இணைந்ததாகக் காட்டுவதைப் பார்த்து டேட்டா மிச்சம் என்று எண்ண வேண்டாம். பின்சீட்டுப் பிள்ளைகளின் டேப்லெட்டுக்கு ஹாட்ஸ்பாட் கொடுப்பவர்களும் கவனிக்க வேண்டும். பல போன்களில் அதுவும் இதுவும் ஒன்றாக ஓடாது.

வயர்லெஸ்ஸின் பெரிய எதிரி வெயில். சித்திரை மதியத்தில் மேப், வைஃபை, மொபைல் டேட்டா மூன்றும் போனுக்குள் ஓடுகின்றன. பேட்டரி இறங்குகிறதே என்று போனை வயர்லெஸ் சார்ஜிங் தட்டில் வைக்கிறோம். அந்தத் தட்டு தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் சூடு ஏற்றுகிறது. கடைசியில் போன் தானே சார்ஜ் ஏறுவதை நிறுத்திவிடும், சில சமயம் மேப்பும் திக்கித் திணறும். சென்னையிலிருந்து மதுரை போவதென்றால் நான் கேபிளைத்தான் செருகச் சொல்வேன்: சார்ஜும் ஏறும், தொட்டவுடன் திரையும் நகரும். காய்கறிக் கடை, பள்ளிக்கூடம், கோயில் என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறவருக்கு வயர்லெஸ்தான் சுகம். போனைப் பையிலிருந்தே எடுக்க வேண்டாம்.

கேபிள் வழி ஆண்ட்ராய்டு ஆட்டோ உள்ள காரை வயர்லெஸ்ஸாக்க ஒரு டாங்கிள் போதும். காரின் யூஎஸ்பி துளையில் அதைச் செருகிவிட்டால், கேபிளில் ஒரு போன் வந்திருப்பதாகக் கார் நினைத்துக்கொள்ளும். டாங்கிள் உங்கள் போனோடு வைஃபையில் பேசிக்கொள்ளும். ஆனால் காரில் அந்த வசதி ஏற்கெனவே கேபிளில் வேலை செய்ய வேண்டும். வெறும் புளூடூத் ஸ்டீரியோவில் டாங்கிளைச் செருகிவிட்டு ஒன்றும் வரவில்லையே என்று திகைப்பவர்கள் உண்டு. மோட்டோரோலா எம்ஏ1 போன்றவை ஆண்ட்ராய்டுக்கு மட்டுமே. வீட்டில் ஐபோனும் இருந்தால் இரண்டுக்கும் ஒத்துப்போவதாகக் கேட்டு வாங்குங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்தபின் திரை வர அரை நிமிடம்கூட ஆகலாம்.

திரையே இல்லாத காருக்குப் புது ஸ்டீரியோதான் வழி. சென்னை ஜி.பி. ரோட்டில் கடைக்குக் கடை ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ தொங்குகிறது. "ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ" வேறு, "ஆண்ட்ராய்டு ஆட்டோ" வேறு. முன்னதில் பின்னது இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. "ஸ்க்ரீன் மிரரிங் இருக்கு சார்" என்றால் அதுவும் வேறு. போனில் தெரிவது அப்படியே திரைக்கு வரும், ஓட்டும்போது தொடுவதற்கேற்ற பெரிய பட்டன்கள் வராது. எதுவானாலும் வயரை வெட்டாமல் கப்ளர் போட்டு மாட்டச் சொல்லுங்கள். வெட்டி ஒட்டிய வயரைக் காட்டி வாரண்டியை மறுக்க இடம் கொடுக்க வேண்டாம்.

ஒரு காரைக் கணவனும் மனைவியும் ஓட்டும் வீடுகளில் வயர்லெஸ் ஒரு வேடிக்கை காட்டும். மனைவி வண்டியை எடுப்பார், வாசலில் நிற்கும் கணவரின் போன் போய் ஒட்டிக்கொள்ளும். அவருக்கு வரும் அழைப்பு கார் ஸ்பீக்கரில் அலறும். கார் அமைப்பில் யார் போனுக்கு முதலிடம் என்று குறித்துவைத்தால் பெரும்பாலும் தீரும். சில கார்களில் அந்த வசதி இல்லை. அங்கே கேபிளைச் செருகுகிறவருக்கே கார்.

இணைப்பு திடீரென்று முரண்டு பிடித்தால், போனில் காரின் பெயரையும் காரில் போனின் பெயரையும் அழித்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள். ஒரு பக்கம் மட்டும் அழித்தால் பழைய கோளாறு அப்படியே திரும்பி வரலாம். வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும்போதும், சொந்தக் காரை விற்கும்போதும் இதே வேலையைச் செய்யுங்கள். உங்கள் தொடர்பு எண்கள் அந்தத் திரைக்குள் பதிந்திருக்கக்கூடும். விற்பதானால் ஃபேக்டரி ரீசெட்டும் கொடுத்துவிட்டுச் சாவியை நீட்டுங்கள்.