நடுவில் ஆடியவர்

கால்பந்தில் ஓர் அணிக்கு 11 பேர். கோல் போடுகிறவரை எல்லோருக்கும் தெரியும். நடுவில் ஆடுகிறவரைக் கவனித்தது உண்டா? எதிரியிடம் பந்தைப் பறிப்பார். முன்னால் நிற்பவருக்குக் கொடுப்பார். ஆட்டம் முழுக்க ஓடுவார். பெயர் மட்டும் கோல் போட்டவருக்கு!

காலியா குலோத்துங்கன் அப்படி ஆடியவர். தஞ்சாவூர்க்காரர். கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணியில் இருந்தார். 2003-இல் அந்த அணி ஜகார்த்தா போனது. இறுதி ஆட்டத்தில் தாய்லாந்து அணி ஒன்றை 3-1 என்று வென்றது. ஆசியான் கோப்பை இந்தியா வந்தது.

2007-இல் மும்பை எஃப்.சி. அணி தொடங்கியது. குலோத்துங்கன் அதிலும் ஆடினார். கூப்பரேஜ் மைதானத்தில் ஆட்டம் நடந்தது. தாராவிக்காரர்கள் மாகிமில் ரயில் ஏறி, சர்ச்கேட்டில் இறங்கினால் நடந்தே போகலாம்.

ஆட்டத்தை விட்டபின் தஞ்சாவூருக்கே திரும்பினார். 2018 ஜனவரியில் அங்கே நடந்த சாலை விபத்தில் இறந்தார்.