ஃபார்மட் அடிக்கும் முன்

கண்ணு, உத்தனப்பள்ளியில் ராயக்கோட்டை ரோட்டு மேலேயே கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை போடப் போகிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். சந்தோஷத்தில் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஓசூரில் இருபத்தைந்து வருஷம் இதே வேலையில் இருந்தவன் நான். ஸ்க்ரூ கழற்றுவதையும் ஓஎஸ் போடுவதையும் நீ வீடியோ பார்த்தே கற்றிருப்பாய். என் கையால் பிறர் இழந்தவை சில உண்டு. அவை உன் கையால் நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. தொடுவதற்கு முன் கேள். வருகிறவர் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள்: "ஓஎஸ் போயிடுச்சு, புதுசா போட்டுக் குடுங்க." எக்ஸ்பி ஓடிய காலத்தில் ஒரு தக்காளி மண்டிக் கணக்கர் சிபியூவைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ஃபைல் எல்லாம் டி டிரைவில் இருக்குங்க" என்றார். நம்பி, சி டிரைவை ஃபார்மட் அடித்தேன். அவர் சொன்னது பொய்யில்லை. அவருடைய படங்களும் கடிதங்களும் டி-யில்தான் இருந்தன. ஆனால் டேலி கணக்கு, அது நிறுவப்பட்ட இடமான சி டிரைவுக்குள்ளேயே ஒரு டேட்டா போல்டரில் இருந்தது. அது அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவன் நான். மூன்று வருஷக் கணக்கு. அவர் என்னைத் திட்டவில்லை. "விவசாயிங்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி அதுல இருந்துச்சே" என்று மட்டும் சொல்லிவிட்டு மேசையைப் பிடித்தபடி நின்றார். பதினோரு இரவு அவரோடு உட்கார்ந்து, பில் கட்டுகளைப் பிரித்து மறுபடியும் ஏற்றினேன். கிடைக்காத பில்கள் கிடைக்காமலே போயின. அதனால் நீ கேள்: என்ன தொழில், எந்தெந்த மென்பொருள், டெஸ்க்டாப்பில் என்ன வைத்திருக்கிறீர்கள், மெயில் எதில் பார்க்கிறீர்கள். டெஸ்க்டாப்பும் பெரும்பாலும் சி டிரைவில்தான் இருக்கிறது என்பதைச் சொன்னால் பலர் திகைத்துப் போவார்கள். தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிற ஊர் நம்முடையது. அவர்கள் பாஷையிலேயே கேள், பதில் முழுசாய் வரும்.

2. முதல் வேலை நகல், இரண்டாவது வேலைதான் ரிப்பேர். விண்டோஸ் எழுந்திருக்கவில்லை என்பதால் ஃபைல்கள் செத்துவிட்டதாக அர்த்தமில்லை. வீட்டுப் பூட்டு கெட்டிருக்கிறது, உள்ளே அரிசி அப்படியே இருக்கிறது. லினக்ஸ் ஏற்றிய ஒரு பென்டிரைவை எப்போதும் சட்டைப்பையில் வைத்திரு. அதிலிருந்து பூட் செய்து, வேறொரு ஹார்ட் டிஸ்கில் எல்லாவற்றையும் இறக்கு. இதை எனக்குக் கற்றுத்தந்தவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். 2011 முதல் அரசு தந்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. விண்டோஸ் படுத்துவிட்டால் பிள்ளைகள் அதில் நுழைந்து தங்கள் ப்ராஜெக்ட்டை எடுத்துக்கொண்டுதான் என்னிடம் வருவார்கள். விண்டோஸ் சரியாக அணையாத டிஸ்க்கை லினக்ஸ் சில நேரம் படிக்க மட்டும் திறக்கும். பயப்படாதே, உனக்கும் அவ்வளவுதானே வேண்டும்? டிஸ்க் டக் டக்கென்று சத்தம் போட்டால் அதில் செக்டிஸ்க் ஓட்டாதே. சாகக் கிடப்பவனை ஓடச் சொல்வது போல அது. முதலில் நகல். நகல் எடுக்கும்போதே டிஸ்க் திணறினால் அங்கேயே நிறுத்து.

3. சின்ன மருந்திலிருந்து தொடங்கு. ஸ்டார்ட்அப் ரிப்பேர், சேஃப் மோட், கடைசியாய் வந்த அப்டேட்டை நீக்குவது, ரீஸ்டோர் பாயிண்ட், பிறகு சிஸ்டம் ஃபைல்களைச் சரிபார்க்கும் கட்டளைகள். டெஸ்க்டாப் வரை வருகிற இயந்திரமானால், உள்ளே இருந்தபடியே விண்டோஸ் செட்அப்பை ஓட்டினால் ஃபைலும் மென்பொருளும் இருந்த இடத்தில் இருக்க, ஓஎஸ் மட்டும் புதிதாகும். பென்டிரைவிலிருந்து பூட் செய்து ஓட்டினால் அந்த வழி கிடைக்காது. இந்த வித்தியாசம் தெரியாமல் பலர் ஏமாந்திருக்கிறார்கள். 2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? கிரௌட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு பிழையான அப்டேட்டால் உலகம் முழுக்க ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் இயந்திரங்கள் நீலத்திரையில் நின்றன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பெரும்பாலானவற்றுக்கு மருந்து என்ன? சேஃப் மோடில் போய் ஒரே ஒரு ஃபைலை அழிப்பது. அன்றைக்குப் பதறி ஃபார்மட் அடித்தவன் எதையெல்லாம் வீணாய் இழந்திருப்பான் என்று யோசித்துப் பார். கூரை ஒழுகினால் ஓடு மாற்று, வீட்டை இடிக்காதே.

4. புது மடிக்கணினிகளில் டிஸ்க் பெரும்பாலும் பூட்டியே வருகிறது. பிட்லாக்கர் 48 இலக்கச் சாவி கேட்டால், உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடச் சொல். பயாஸிலோ மதர்போர்டிலோ கை வைக்கும் முன்பே அந்தச் சாவியை எழுதி வாங்கிவிடு. சாவி கிடைக்காமலே போனால் யாராலும் திறக்க முடியாது.

5. "ஃபைல்களை வைத்துக்கொள்" என்று திரை சொல்வதை மட்டும் நம்பி இறங்காதே. ரீசெட் செய்யும்போது அந்த வாக்கு உன் பயனர் போல்டருக்குத்தான். நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். 2018 அக்டோபரில் வந்த ஒரு விண்டோஸ் 10 அப்டேட் சிலருடைய டாக்குமென்ட்ஸையே அழித்தது. மைக்ரோசாஃப்ட் அதைச் சில நாளிலேயே நிறுத்தி, நவம்பரில் திருத்தி விட்டது. செய்தவர்களுக்கே தவறுகிற இடம் இது. பழைய நிறுவலைத் தாங்கும் விண்டோஸ்.ஓல்ட் போல்டரும் பத்து நாளில் தானாகவே போய்விடும்.

இன்னொன்று, எந்தத் திரையும் சொல்லாதது. 2023 தொடக்கத்தில் சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து உத்தனப்பள்ளி, நாகமங்கலம், அயர்னப்பள்ளி விவசாயிகள் போராட்டத்தில் உட்கார்ந்தார்களே, அந்த நாட்களில் ஒரு பெரியவர் பழைய கம்ப்யூட்டரோடு வந்தார். வருஷக்கணக்காய் எழுதிய மனுக்கள் அதில் இருந்தன. ஒரு ஃபைல் விடாமல் காப்பாற்றிக் கொடுத்தேன். வீட்டுக்குப் போய்த் திறந்தவர் திரும்பி வந்தார்: "எழுத்தெல்லாம் போயிடுச்சுப்பா." வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்தவை அவை. எழுத்துரு இல்லாத இயந்திரத்தில் தமிழ் எல்லாம் ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தது. யூனிகோடை நம் அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டது. ஆனால் பத்திர எழுத்தர் கடையிலும் பிரஸ்ஸிலும் வானவில்லும் பாமினியும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஃபான்ட்ஸ் போல்டரையும் சேர்த்து நகல் எடு. அந்த எழுத்துருவைத் தேடிப் போட்டதும் தன் நிலத்தின் சர்வே எண்ணைத் திரையில் விரல் வைத்துப் படித்தார் அவர். அந்த விரல் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

6. உன்னிடம் வருவது இன்னொருவர் வீட்டுப் பீரோ. இப்போது நம் பக்கம் தொழிற்சாலை வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பெண்பிள்ளைகள் வந்து விடுதிகளில் தங்கியிருக்கிறார்கள். ஆள் தெரியாத ஊரில் உன்னை நம்பி இயந்திரத்தை விட்டுப் போவார்கள். நகல் சரியா என்று பார்க்க எண்ணிக்கையும் அளவும் போதும், படங்களைத் திறக்காதே. என்னிடம் வேலை பார்த்த ஒரு பையன் திறந்தான். கெட்டிக்காரப் பையன்தான், ஆனாலும் அன்றே கணக்கை முடித்து அனுப்பினேன். அந்தப் பெண்ணிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்பும் கேட்டேன். அது கடினமாகத்தான் இருந்தது. நீ எடுத்த நகலை எத்தனை நாள் வைத்திருப்பாய் என்று முன்பே சொல்லிவிடு, சொன்ன நாளில் அழித்துவிடு.

7. "என்னால் முடியாது" என்று சொல்லப் பழகு. எஸ்எஸ்டியில் அழிந்த ஃபைல் பெரும்பாலும் திரும்பாது. "பார்த்துடலாம்" என்ற வார்த்தையை நான் நிறையச் சொல்லியிருக்கிறேன். குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களுக்காக ஒரு தம்பதி ஒரு மாதம் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு என் கடைக்கு நடந்தார்கள். முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால், டிஸ்க்கில் நான் மேலும் கை வைக்கும் முன் பெங்களூரில் டேட்டா மீட்பவர்களிடம் போயிருப்பார்கள்.

8. வேலை முடிந்ததும் கவரில் போட்டுக் கொடுத்து அனுப்பாதே. உரிமையாளரை உன் நாற்காலியில் உட்கார வை. அவரே நாலு ஃபைல் திறந்து பார்க்கட்டும், ஒரு பிரிண்ட் எடுக்கட்டும். பிறகு ஒரு பென்டிரைவில் நகல் எடுப்பதை அவர் கையாலேயே செய்ய வை, இரண்டு தடவை. அந்த மண்டிக் கணக்கர் இப்போது இல்லை. அவர் மகன் மாதக் கடைசியில் பென்டிரைவோடு ஓசூர் வரை வந்து, டேலி நகல் சரியாக இருக்கிறதா என்று என்னிடம் காட்டிவிட்டுப் போகிறான். உன் கடை அவனுக்குப் பக்கம். அடுத்த மாதம் உன்னிடம் வரச் சொல்லியிருக்கிறேன்.