பிச்சாவரம்: உப்பை வென்ற காடு

(பத்தாம் வகுப்பு மாணவி)

கடலே இல்லாத நம் பகுதியினருக்குக் கடற்கரை என்றதும் மணலும் அலையுமே நினைவுக்கு வரும். ஆனால் சேறும், அமைதியான நீரோடைகளும், பச்சைப் பசேலென்ற மரங்களும் நிறைந்த கடற்கரையும் தமிழகத்தில் உண்டு. அதுவே பிச்சாவரம். கல்விச் சுற்றுலாவின்போது அதைக் காணும் பேறு எங்களுக்குக் கிட்டியது.

சிதம்பரத்திலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில் இக்காடு அமைந்துள்ளது. துடுப்புப் படகில் குறுகிய ஓடைகளுக்குள் செல்லும்போது கிளைகள் தலைக்குமேல் பந்தலிடுகின்றன. கொக்கும் நாரையும் மீன்கொத்தியும் கண்ணுக்கு விருந்தளிக்கின்றன. வேர்களின் நிழலில் இறால், நண்டு, மீன் குஞ்சுகள் வளர்கின்றன.

உப்பு நீரில் மரம் எப்படி வாழ்கிறது? சுரபுன்னை மரம் வேரிலேயே உப்பின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. வெண்கண்டல் மரம் உறிஞ்சிய உப்பை இலைகளின் வழியே வெளியேற்றுகிறது. சேற்றில் காற்று இல்லாததால் அதன் வேர்கள் பென்சில்களைப் போல மேலே நீண்டு சுவாசிக்கின்றன. சுரபுன்னையின் விதையோ தாய்மரத்திலேயே முளைவிட்டு, ஈட்டிபோல் சேற்றில் விழுந்து ஊன்றிக்கொள்கிறது. தில்லை மரமும் இங்கு உண்டு. சிதம்பரத்திற்குத் தில்லை என்ற பெயர் இம்மரத்தால் வந்தது. இதன் பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு விளைவிக்கும்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, இக்காட்டின் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது. மரங்கள் அலையின் வேகத்தைத் தணித்தன. அவ்வூர்கள் கடலிலிருந்து தள்ளி இருந்ததும் ஒரு காரணம் என்பர் அறிஞர்.

இக்காடும் துன்பப்பட்டதுண்டு. ஆங்கிலேயர் காலம் முதல் 1970கள் வரை பகுதி பகுதியாக மரங்கள் வெட்டப்பட்டன. வெட்டிய இடம் தாழ்ந்து, கடல்நீர் தேங்கி, உப்பு மிகுந்து, மரம் முளைக்காமல் போயிற்று. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டினர். நீர் வந்து போனது. காடு மீண்டும் தழைத்தது. 2022இல் பிச்சாவரம் உலகப் புகழ்பெற்ற ராம்சர் ஈரநிலங்களுள் ஒன்றாயிற்று.

தோழியரே, இக்காட்டிற்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. தோலைப் பதப்படுத்தும் துவர்ப்புப் பொருள் சுரபுன்னைப் பட்டையிலும் இருக்கிறது. நம் ஊர்களில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் அதே வேலையைச் செய்தன. பின்னர் குரோமியம் வந்தது. பச்சைத் தோல் கெடாமலிருக்க இட்ட உப்பு, கழுவிய நீரோடு பாலாற்றிலும் கிணறுகளிலும் கலந்தது. பிச்சாவரத்து மரம் உப்பை வெளியேற்றும். நம் தென்னையும் நெல்லும் என்ன செய்யும்? 1996இல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

எங்களில் பலர் வீட்டில் அடுப்பு எரிவது தோல் தொழிலால்தான். அத்தொழில் வாழ வேண்டும். பாலாறும் வாழ வேண்டும். கழிவுநீரை முழுமையாகச் சுத்திகரித்தால் இரண்டும் கைகூடும். மனிதர் கெடுத்த காட்டை மனிதரே மீட்டனர். அதுபோல் நம் ஆற்றை மீட்கும் அறிவையும் உறுதியையும் கல்வியால் பெறுவோமாக!